ஒட்டு மாங்கன்றுகள்: இரண்டு பருவங்களில் செய்த திருத்தங்கள்

எங்கள் நாற்றுப்பண்ணையில் வாங்கி நட்ட பத்து மாங்கன்றுகளில் மூன்று, இரண்டாம் ஆண்டில் அடித்த சாதாரணக் காற்றுக்கே சாய்ந்துவிட்டன என்று சொல்லி, வாங்கியவர் அவற்றில் ஒன்றை வேரோடு பெயர்த்துக் கொண்டுவந்து கொட்டகை வாசலில் வைத்தார். தண்டிலும் இலையிலும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒட்டுப்பகுதி வடுத் தெரியாமல் கூடியிருந்தது, இலைகள் கரும்பச்சையாக இருந்தன. குழாயடியில் வைத்து மண்ணைக் கழுவத் தொடங்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது. ஆணிவேர் பையின் அடியைத் தொட்ட இடத்தில் மடங்கி, பை எவ்வளவு அகலமோ அந்த அகலத்துக்குள்ளேயே இரண்டரைச் சுற்றுச் சுற்றி, விரல் பருமனுக்குத் தடித்து, தலைச்சுமைக்கு வைக்கும் சும்மாடு போல இறுகிக் கிடந்தது. நட்டு ஒன்றரை ஆண்டு ஆகியும் அந்தச் சும்மாட்டை விட்டு வெளியே போனவை நாலைந்து சல்லிவேர்கள் மட்டுமே. குழி சரியில்லை, தண்ணீர் போதவில்லை என்று வாங்கியவர் மேல் பழி போட இடமில்லை. அந்த வேர் சுற்றியது முழுக்க முழுக்க எங்கள் பைக்குள்.

அன்று மாலை பதிவேட்டை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். அந்தப் பருவத்தில் 1,200 கொட்டைகள் விதைத்திருந்தோம். முளைத்து நின்றவை 930, ஒட்டுக் கட்டியவை 810, ஒட்டுப் பிடித்தவை 520, வெளியே விற்றுப் போனவை 470. விற்ற அந்த 470-இலும் எத்தனை கன்றுகளின் வேர் சும்மாடாகக் கிடந்ததோ, அதற்குப் பதிவேட்டில் இடமே இல்லை. கேட்கிறவர்களுக்கெல்லாம் கன்று கொடுக்க முடியவில்லை என்பதால் அடுத்த பருவத்தில் 2,000 கொட்டை விதைப்பது என்று ஏற்கெனவே பேசி முடித்திருந்தோம். அந்தப் பேச்சைக் கைவிட்டோம். ஓட்டைப் பானையில் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றுவதை விட, ஓட்டை எங்கெங்கே இருக்கிறது என்று பார்ப்பது மேல் என்று தோன்றியது. விதைக்கும் எண்ணிக்கையை 1,000 ஆகக் குறைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை கழிந்தன, ஏன் கழிந்தன என்று எழுதி வைப்பது என முடிவு செய்தோம்.

முதல் ஓட்டை கொட்டையிலேயே இருந்தது. மாங்கொட்டை நெல்லைப் போலவோ பயறைப் போலவோ காயவைத்துச் சேமிக்கக்கூடிய விதை அன்று. உள்ளிருக்கும் பருப்புக் காய்ந்தால் உயிரும் போய்விடும். பழம் தின்று எறிந்த சில வாரங்களுக்குள் அது மண்ணுக்குள் போய்விட வேண்டும். நாங்களோ சாக்கில் கட்டி, வேலையாள் கிடைக்கும் நாள் வரை மூலையில் போட்டு வைத்திருந்தோம். இம்முறை கொட்டை வந்த மூன்றாம் நாளே கழுவி, தண்ணீரில் போட்டு, மிதந்தவற்றைக் கழித்துவிட்டு, மூழ்கியவற்றின் மேலோட்டைக் கவாத்துக் கத்தரியால் விளிம்போரமாக நறுக்கிப் பிரித்தோம். அலுப்பான வேலைதான், ஒருவர் ஒரு நாளில் 200 கொட்டைக்கு மேல் பிரிக்க முடிவதில்லை. ஆனால் இதில் மூன்று ஆதாயங்கள் உண்டு. வண்டு துளைத்த பருப்பும் அழுகிய பருப்பும் கண்ணில் பட்டுவிடுகின்றன. முளைப்பு விரைவாகவும் ஒரே சீராகவும் வருகிறது. எல்லாவற்றையும் விட முக்கியமாக, ஓட்டுக்குள் வழி தேடி வளைந்து வெளிவரும் கோணல் முளைகள் குறைந்துபோகின்றன. பருப்பை வைக்கும் வாகும் கவனிக்க வேண்டியது: குழிந்த விளிம்பு கீழே, முதுகு மேலே. தலைகீழாக வைத்தால் தண்டும் வேரும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு போகும்.

சில மா இரகங்களில் ஒரே கொட்டையிலிருந்து மூன்று நான்கு முளைகள் வரும். அவற்றுள் பெரும்பாலானவை மகரந்தச் சேர்க்கையில் உருவானவை அல்ல. தாயின் திசுவிலிருந்தே தோன்றியவை, ஆகவே தாயை அப்படியே ஒத்தவை. வேர்ச்செடிகள், அதாவது ஒட்டைத் தாங்கும் அடிச்செடிகள், ஒரே சீராக வேண்டும் என்றால் இத்தகைய இரகத்துக் கொட்டையே நல்லது. பல மரங்களின் கொட்டைகளை அள்ளி வந்து விதைத்த முந்தைய பருவத்தில், ஒரே வரிசையில் பென்சில் பருமனில் ஒன்றும் ஈர்க்குப் பருமனில் ஒன்றுமாக நின்றதற்கு அதுதான் காரணம். இம்முறை ஒரே மரத்துக் கொட்டைகளாகப் பார்த்து எடுத்து, கொத்தாக வந்த முளைகளில் திடமான ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டோம்.

மணல் பாத்தியில் முளைக்க வைத்து, இலை செம்பு நிறத்தில் இருக்கும்போதே எடுத்துப் பைக்கு மாற்றுவது எங்களுக்கு வசதியாக அமைந்தது. அந்த ஒரு தருணத்தில்தான் நாற்றின் வேரை முழுதாகக் கண்ணால் பார்க்க முடியும். நேரான ஆணிவேர் இருந்தால் வலப்பக்கக் கூடை. கழுத்தில் வளைந்தோ கொக்கி போல மடங்கியோ இருந்தால் இடப்பக்கக் கூடை. இடப்பக்கக் கூடை அப்படியே உரக்குழிக்குப் போனது. 940 முளைகளில் 180 இப்படிப் போயின. பச்சைப் பசேலென்று நிற்கும் நாற்றை எறிவதற்குக் கை கூசியது என்பது உண்மைதான். என்னோடு வேலை செய்த அம்மா ஒருவர், இடப்பக்கக் கூடையிலிருந்து பத்துப் பதினைந்தை எனக்குத் தெரியாமல் எடுத்துப் பையில் வைத்திருந்தார். ஆறு மாதம் கழித்து அவற்றை ஒருமுறை கழுவிக் காட்டினேன். கொக்கி நிமிரவில்லை, தடித்திருந்தது. அதன் பிறகு கழிப்பதில் அவர் என்னை விடக் கறாராகிவிட்டார்.

அடுத்தது பை. முன்பு வழவழப்பான உருண்டைப் பாலித்தீன் பைகளைத் தரையில் நெருக்கி அடுக்குவோம். வேர் அடியைத் தொட்டதும் சுற்றும். ஓட்டை கிடைத்தால் தரைக்குள் இறங்கும். விற்கும் நாளில் பையைத் தூக்கும்போது கேட்கும் 'பட்' என்ற ஓசை, கன்றின் பாதி வேர் அறுபடும் ஓசை. இப்போது அடி திறந்த, உட்சுவரில் நெடுக்குவாட்டு வரம்புகள் உள்ள உயரமான குழாய்த் தொட்டிகளை, தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் கம்பிவலை மேடையின் மேல் வைக்கிறோம். வரம்பு வேரைச் சுற்ற விடாமல் கீழ்நோக்கித் திருப்புகிறது. கீழே வந்த வேர்நுனி காற்றுப் பட்டுக் காய்ந்து நிற்கிறது. நுனி நின்றதும் மேலே பக்கவேர்கள் கிளைக்கின்றன. கத்தி வைக்காத வேர்க் கவாத்து என்று இதைச் சொல்லலாம்.

இந்த இடத்தில்தான் பெரிய அடியும் விழுந்தது. தரையில் இருந்த பைகளுக்குப் பழகிய கையால் அதே அளவுத் தண்ணீரையே மேடைக்கும் விட்டுவந்தோம். நாலா பக்கமும் காற்றுப்படும் தொட்டி எவ்வளவு விரைவில் உலரும் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. வெயில் ஏறிய ஒரு வாரத்தில் மேடையின் ஓர வரிசைகள் அப்படியே கருகின; எண்ணிப் பார்த்தபோது 60 கன்றுகள். நடுவில் இருந்தவை நன்றாகவே இருந்தன, அதனால்தான் தூரத்திலிருந்து பார்த்தபோது எதுவும் தெரியவில்லை. இப்போது மேடையின் நாற்புறமும் தொட்டியின் உயரத்துக்கு நிழல்வலைத் துணியைக் கட்டியிருக்கிறோம். ஓர வரிசைக்குக் காலையில் ஒரு முறை, மதியத்துக்கு மேல் ஒரு முறை எனத் தனியாகப் பூவாளியால் ஊற்றுகிறோம். தொட்டியைக் கையில் தூக்கி எடை பார்த்த பிறகே தண்ணீர் என்பது இப்போது வழக்கமாகிவிட்டது.

மண்கலவைக்கு வருகிறேன், அதிக நாள் செலவழித்ததும் இதில்தான். செம்மண், மணல், தொழுவுரம் மூன்றும் சம அளவு என்பது காலங்காலமாகச் செய்துவந்தது. நிலத்தில் பல அடி ஆழத்துக்கு வடியும் மண், ஒரு சாண் உயரத் தொட்டிக்குள் அப்படி வடிவதில்லை. அடிப்பகுதியில் எப்போதும் ஒரு ஈர அடுக்குத் தங்கிவிடுகிறது. தொட்டி எவ்வளவு குட்டையோ அவ்வளவுக்கு அந்த அடுக்கின் பங்கு கூடுகிறது. அடியில் ஓட்டாஞ்சில்லோ சரளையோ போட்டால் வடியும் என்று பலர் நம்புகிறார்கள், நானும் நம்பியிருந்தேன். உண்மையில் நுண்துளைக் கலவையிலிருந்து தண்ணீர் எளிதில் சரளைக்குள் இறங்காது, ஈர அடுக்குச் சரளையின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும், வேருக்கு எஞ்சும் இடம் குறையும்.

கலவையைச் சோதிக்க ஆய்வகம் தேவையில்லை. அடி ஓட்டைகளை ஒட்டுநாடாவால் அடைத்த, 1 லிட்டர் கொள்ளளவுள்ள தொட்டியில் கலவையை நிரப்பி, இரண்டு முறை தரையில் தட்டி அமர்த்தி, மேற்பரப்பில் நீர் பளபளக்கும் வரை மெதுவாகத் தண்ணீர் விட்டு, அரை மணி நேரம் ஊற வைத்து மீண்டும் பளபளக்கும் அளவுக்கு விட வேண்டும். பிறகு தொட்டியை ஒரு வாளிக்கு மேல் பிடித்து நாடாவைக் கிழித்துவிட்டு, சொட்டு நிற்கும் வரை வடிய விட வேண்டும். வாளியில் சேர்ந்த தண்ணீரின் அளவுதான் வடிந்தபின் கலவையில் காற்றுக்குக் கிடைக்கும் இடம். எங்கள் பழைய கலவையில் வடிந்தது 45 மில்லி, அதாவது நூற்றுக்கு நாலரைப் பங்கு. தொட்டிச் செடிக்கு 10 முதல் 20 பங்கு வரை இருப்பது நல்லது. வேர் எப்படி மூச்சு விட்டிருக்கும்!

நன்றாக மட்கிய தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு, சலித்த மட்கு உரம் ஒரு பங்கு என்ற கலவையில் 150 மில்லி வடிந்தது, அதிலேயே நின்றுவிட்டோம். நார்க்கழிவை வாங்கிய கையோடு கலக்கக் கூடாது. அதில் சோடியம், பொட்டாசியம் உப்புகள் மிகுதி. நல்ல தண்ணீரில் ஊறவைத்து மூன்று முறை வடித்த பின் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஒரு நாள் ஊற வைத்து மீண்டும் அலசினோம், கால்சியம் போய் ஒட்டிக்கொண்டு சோடியத்தை வெளியே தள்ளும் என்பதற்காக. அரைகுறையாக மட்கியதாக இருந்தால் நுண்ணுயிர்கள் தழைச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கன்று வெளிறிப்போகும். முதல் சுமையில் எங்களுக்கு அதுவும் நடந்தது.

கலவை நன்றாக இருந்து, அதில் நோய் இருந்தால் பயனில்லை. 1930-களில் இங்கிலாந்தின் ஜான் இன்னெஸ் தோட்டக்கலை நிறுவனத்தில், ஆராய்ச்சிக்காக வளர்த்த நாற்றுகள் நோயால் செத்துக்கொண்டே இருந்ததால்தான் வில்லியம் லாரன்ஸும் ஜான் நியூவெலும் நீராவியில் பதப்படுத்திய மண்ணைக் கொண்டு ஒரே சீரான தொட்டிக் கலவைகளை உருவாக்கினார்கள். நீராவிக் கலன் எங்களிடம் இல்லை, வெயில் இருக்கிறது. இஸ்ரேலில் யாகோவ் கட்டானும் உடன் பணியாற்றியவர்களும் 1976-இல் எழுதிக் காட்டிய வெயில் மூடாக்கு முறையையே கையாண்டோம். கலவையை நன்றாக நனைத்து, ஒரு சாண் கனத்துக்கு மிகாமல் பரப்பி, தெளிந்த பாலித்தீன் தாளால் மூடி, விளிம்புகளை மண்ணால் அமுக்கி, கடும் வெயிலில் ஐந்து வாரம் விட்டோம். கறுப்புத் தாள் கூடாது: அது வெப்பத்தைத் தானே வாங்கிக்கொள்ளும், தெளிந்த தாளோ உள்ளே விட்டுப் பிடித்து வைக்கும். உலர்ந்த கலவையும் கூடாது. ஈரத்தில்தான் பூசண வித்துகள் வெப்பத்துக்கு எளிதில் மடியும். மூடாக்கு நீக்கிய பின், நோய்ப் பூசணங்களை அடக்கும் நன்மைப் பூசணமான டிரைக்கோடெர்மாவைக் கலந்தோம், காலியான இடத்தில் நல்லது முதலில் குடியேறட்டும் என்று.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு வரிசையில் மட்டும் நாற்றழுகல் விடாமல் வந்தது. தண்ணீர் விட்டு முடித்ததும் குழாயைப் போட்டுவிட்டுப் போகும் இடம் அந்த வரிசையின் தலைப்பு. குழாய்வாய் சேற்றில் கிடந்து, மறுநாள் அந்தச் சேற்றை முதலில் அந்த வரிசைக்குத்தான் ஊட்டியது. தூணில் ஒரு கொக்கி அடித்துக் குழாய்வாயை மாட்டி வைத்தோம், நோய் நின்றது. இரண்டு பருவத் திருத்தங்களில் மிக மலிவானது அந்தக் கொக்கிதான்.

கன்றின் பெயர் என்பது நாற்றுப்பண்ணையின் நாணயம் தொடர்பானது, இதில் நாங்கள் தவறியிருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன், ஒட்டுக் கட்டத் தாய்மரத்திலிருந்து வெட்டி வந்த ஒட்டுக்குச்சிக் கட்டுகளின் அட்டைகள் ஈரச் சாக்கில் நைந்துபோக, இலையைக் கசக்கி முகர்ந்து 'இது இன்ன இரகமாகத்தான் இருக்கும்' என்று ஊகித்து ஒட்டுக் கட்டி விற்றோம். பெயர் மாறினால் வாங்கியவருக்கு அது காய்ப்புக்கு வரும் நாளில்தான் தெரியும்; அதற்குள் மூன்று நான்கு ஆண்டு உழைப்புப் போயிருக்கும். இது புதிய நோயும் அன்று. இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையத்தில் ரொனால்ட் ஹாட்டன், பல பண்ணைகளிலிருந்து ஆப்பிள் வேர்ச்செடிகளைத் திரட்டிப் பார்த்தபோது, ஒரே பெயரில் பல வகைகளும் ஒரே வகைக்குப் பல பெயர்களுமாகக் குழம்பிக் கிடந்தன. அவற்றைப் பிரித்து அவர் 1917-இல் எண் கொடுத்து வெளியிட்ட வகைகளில் ஒன்பதாவதே, இன்று உலகெங்கும் குட்டை ஆப்பிள் மரத்துக்குப் பயன்படும் எம்.9. பெயரை விட்டு எண்ணைப் பிடித்தது அவருடைய கெட்டிக்காரத்தனம். நாங்களும் அதையே பின்பற்றினோம்.

மூன்று பருவக் காய்ப்பைக் கண்ணால் பார்த்த மரங்களை மட்டும் தாய்மரமாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தோம். பூங்கொத்து காய்க்காமல் கொழுத்துத் திரண்டு நிற்கும் பூசண நோய் ஒரு கிளையில் தெரிந்தாலும் அந்த மரத்தை ஒதுக்கினோம். அது ஒட்டுக்குச்சியோடு கன்றுக்குப் போகும். ஒவ்வொரு கன்றிலும் மெல்லிய அலுமினியத் தகட்டுத் துண்டில் தாய்மர எண், கட்டிய தேதி, கட்டியவர் எழுத்து மூன்றையும் ஆணியால் அழுத்தி எழுதித் தளர்வாகத் தொங்கவிட்டோம். தகடு இல்லாத கன்று எவ்வளவு அழகாக இருந்தாலும் விற்பனைக்கு இல்லை.

நல்ல மரங்களை மட்டும் வைத்துக்கொண்டால் குச்சிக்குப் பஞ்சம் வரும் என்பது தெரிந்ததே. அதற்காக அந்த மரங்களிலிருந்து கட்டிய கன்றுகளில் நாற்பதை ஒரு மூலையில் நெருக்கி நட்டு, மார்பு உயரத்தில் வெட்டி வேலி போல வளர்த்துவருகிறோம். பூ வந்தால் கிள்ளிவிடுகிறோம். வரிசை வரிசையாக இரண்டு வார இடைவெளியில் கவாத்துச் செய்வதால் பென்சில் பருமன் குச்சிகள் ஒரே நாளில் குவியாமல் கட்டுகிற வேகத்துக்கு ஏற்பக் கிடைக்கின்றன. இந்த மூலை முழுப் பலன் தர இன்னும் ஒரு பருவம் வேண்டும்.

ஒட்டுக் கட்டும் முறையில் மாற்றம் ஒன்றும் இல்லை. குச்சியின் அடியை ஆப்பு போலச் சீவி வேர்ச்செடியின் பிளவில் செருகிக் கட்டும் அதே ஆப்பு ஒட்டுதான். குச்சியை மரத்திலிருந்து வெட்டுவதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே காம்பை மட்டும் விட்டு இலைகளை நீக்கிவிட வேண்டும். விரல் பட்டதும் காம்பு உதிர்ந்தால் நுனிமொட்டுத் தயார். தகட்டில் கட்டியவர் எழுத்து இருந்ததால், எதிர்பாராத ஓர் உண்மை வெளியே வந்தது. எங்கள் மூவரில் ஒருவர் கட்டியதில் நூற்றுக்கு 88 பிடித்திருந்தன. நான் கட்டியதில் 61. அவர் கத்தி ஒரு பக்கம் மட்டும் தீட்டியது, ஆப்பின் ஒவ்வொரு முகத்தையும் ஒரே இழுப்பில் சீவுகிறார். நான் இரண்டு மூன்று முறை சீவித் திருத்துவேன். சீவிய முகம் கண்ணுக்குத் தட்டையாகத் தெரிந்தாலும் வெளிச்சத்துக்கு எதிரே கத்தியின் தட்டையை அதன் மேல் வைத்துப் பார்த்தால் நடுவில் மேடு, இருபுறமும் ஒளிக்கீற்று. அந்த இடைவெளியில்தான் ஒட்டுக் காய்கிறது. பட்டைக்கு அடியிலுள்ள வளர்திசு ஒரு பக்கமாவது நேராகப் பொருந்த வேண்டும் என்பது எனக்குத் தெரியாததா என்ன. கை அதைச் செய்யவில்லை, அவ்வளவுதான். இப்போது நான் கட்டுவதில்லை, தகடு எழுதுகிறேன்.

பருவத்தின் முடிவுக் கணக்கு இது: 1,000 கொட்டைகள், 940 முளைகள், கழித்தது 180, காய்ந்தது 60, ஒட்டுக் கட்டியது 700, பிடித்தது 565. கட்டு நாடாவை மூன்றாம் மாதம் அவிழ்த்து, நிழலிலிருந்து வெயிலுக்கு மூன்று வாரத்தில் படிப்படியாக நகர்த்தி, அனுப்பும் முன் ஒவ்வொரு நூறிலும் ஐந்தைப் பிடுங்கிக் கழுவிப் பார்த்தோம். கழுவியவை போக, தரம் தேறாதவை போக, வெளியே சென்றவை 510. விதைத்தது 200 குறைவு, கொடுத்தது 40 கூடுதல். ஒரே தொட்டியில் ஓராண்டைத் தாண்டிய கன்று விற்பனைக்கு இல்லை என்ற விதியால் 12 கன்றுகள் வேறு கழிந்தன.

சாய்ந்த மூன்றுக்கு ஈடாக மூன்று கன்றுகள் எடுத்து வைத்துவிட்டு அந்த வாடிக்கையாளருக்குச் சொல்லி அனுப்பினேன். வந்தவர் தகடுகளைப் படித்தார், இலையைப் புரட்டினார், பிறகு ஒன்றைச் சுட்டிக் காட்டி, இதைக் கழுவிப் பார்க்கலாமா என்று கேட்டார். குழாயடியில் வைத்து இருவருமாகக் கழுவினோம். ஆணிவேர் நேராக இறங்கி அடியில் நின்றிருந்தது; பக்கவேர்கள் வரம்புகளை ஒட்டி விளக்குமாற்றுக் குச்சிகள் போலக் கீழ்நோக்கி இருந்தன. திருப்தியாகத் தலையசைத்தவர், வேர் வெளுத்துக் கிடந்த அந்தக் கன்றை என்னிடமே விட்டுவிட்டு, அதற்குப் பதில் வேறொன்று கேட்டார். கொடுத்தேன்.